நான்காவது உடன்படிக்கை

போர்க்களத்தில் புண்பட்டு வீழ்ந்தவன் பகைவனே ஆயினும் அவனுக்கு மருந்திட வேண்டும் என்று 1864-இல் ஜினீவா நகரில் பல நாடுகள் கையொப்பமிட்டன. பிடிபட்ட வீரனை நடத்த வேண்டிய முறைக்கு 1929-இல் அதே நகரில் விரிவான உடன்படிக்கை எழுந்தது. படைக்கலம் ஏந்தாத தொழிலாளியும், தாயும், சேயும் பகைவர் கையில் அகப்பட்டால் என் செய்வது? 1907-ஆம் ஆண்டு ஹேக் விதிகளில் சில பிரிவுகள் இருந்தன, அவ்வளவே. அக்குறை எத்தகையது என்பதைச் சயாம்–பர்மா இருப்புப்பாதை காட்டிற்று.

1942-இல் ஜப்பானியப் படை, சயாமின் பான்போங்கையும் பர்மாவின் தன்பியூசாயத்தையும் இணைக்க, மலையும் காடும் ஊடறுத்து 415 கிலோமீட்டர் நீளப் பாதை அமைக்கத் தொடங்கியது. 1943 அக்டோபரில் பணி முடிந்தது. உழைத்தோர் இருவகையினர். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர் ஒருவகை. ஆசியத் தொழிலாளர் மற்றொரு வகை. பின்னவர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் என்பர். அவர்களுள் பெருந்தொகையினர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர். கூலியும் அரிசியும் தருவதாகச் சொல்லி முதலில் அழைத்தனர். பிறகு வலிந்து பிடித்து வண்டியேற்றினர்.

ஜப்பான் 1929 உடன்படிக்கையில் கையொப்பமிட்டும் அதனை உறுதிப்படுத்தவில்லை. கைதிகளும் சொல்லொணாத் துன்பம் உற்றனர். சுமார் 12,000 பேர் மாண்டனர். ஆயினும் அவர்கள் அணி குலையாமல் வந்தவர்கள். அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர் இருந்தனர், நீரைக் காய்ச்சிக் குடிக்கும் கட்டுப்பாடு இருந்தது, இறந்தவன் பெயரை எழுதி வைக்க ஒருவன் இருந்தான். குடும்பத்தோடு வந்த தோட்டத் தொழிலாளிக்கு இவற்றுள் எதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது குடிசை குடிசையாக மடிந்தனர். கைதிகளாயிருந்த மருத்துவர் சிலரையே பிற்பாடு அம்முகாம்களுக்கு அனுப்ப நேர்ந்தது. தொழிலாளர் சாவு 80,000-க்குக் குறையாது என்பது பலர் கணிப்பு. துல்லியமாகச் சொல்ல இயலாது; எண்ணி வைத்தவர் இல்லையன்றோ! காஞ்சனபுரி இடுகாட்டில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் முறையாக அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். தொழிலாளருள் மிகப் பலர் கிடக்கும் இடமே தெரியாது.

இதிலும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பகைநாட்டுப் பொதுமக்களைக் காக்கும் உடன்படிக்கைக்கு நகல் ஒன்று 1934-லேயே ஆயத்தமாயிருந்தது. செஞ்சிலுவை மாநாடு அதனை ஏற்றுக்கொண்ட இடம், வேறெங்கும் அன்று, டோக்கியோ நகரமே! 1940-இல் அரசுகள் கூடி அதனைச் சட்டமாக்க எண்ணியிருந்தன. அதற்குள் போர் மூண்டுவிட்டது. அந்நகல் சட்டமாகியிருப்பின் அனைவரும் பிழைத்திருப்பர் என்று கூறிவிட முடியாது. கைதிகளின் கதையே அதற்குச் சான்று. எனினும், கேட்பதற்கு ஒரு பிடியாவது கிடைத்திருக்கும்.

அந்தப் பிடி 1949 ஆகஸ்டு 12-ஆம் நாள் கிட்டியது. அன்று நிறைவேறிய நான்கு ஜினீவா உடன்படிக்கைகளுள் நான்காவது, பொதுமக்களுக்கே உரியது. கைப்பற்றிய நாட்டு மக்களை வலிந்து வெளியே கொண்டுசெல்லலாகாது என்கிறது அதன் 49-ஆம் பிரிவு. வேலை வாங்க நேர்ந்தால், பதினெட்டு வயது கடந்தவரிடம் மட்டும், அவர் வாழும் அந்நாட்டிற்குள்ளேயே, தக்க கூலி கொடுத்து வாங்க வேண்டும் என்கிறது 51-ஆம் பிரிவு. மலாயாத் தோட்டத்தில் பிடித்த ஒருவனைச் சயாம் காட்டிற்கு வண்டியேற்றுவது, 147-ஆம் பிரிவின்படி, நீதிமன்றத்தின் முன் நிறுத்தித் தண்டிக்க வேண்டிய கடும் மீறலாகும்.