காது போனால் கூடவே என்ன போகும்?

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி போனவர்களுக்குத் தெரியும். கடைசியில் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஏறக் காது அடைத்துக்கொள்ளும். பக்கத்து சீட்டில் பேசுகிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் வருவது. ஒரு கொட்டாவி விட்டால் சரியாகிவிடும்.

திறக்காமலே இருந்துவிடுகிற காதுகளின் கதை வேறு. அந்தக் கதையில் நம்ம திருநெல்வேலிக்கும் திருவனந்தபுரத்துக்கும் நல்ல இடம் உண்டு.

1890களில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மிஷனரிப் பெண்மணி பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளை 'ஊமை' என்று ஒதுக்கிவிடுவார்கள். பெரும்பாலும் தொண்டையில் ஒரு கோளாறும் இருக்காது. காதில் விழாத மொழி வாயில் எப்படி வரும்? பள்ளி வந்தது பெரிய காரியம்தான். ஆனால் பள்ளி வயதுக்குள் மொழி பழகும் முக்கியமான வருடங்கள் போய்விடும்.

வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், மொழி என்பது கூட்டு வட்டிக் கணக்கு. முதல் மூன்று வருடத்தில் போடுகிற முதல்தான் பெருகும். அதனால்தான் இன்று மருத்துவர்கள் 1-3-6 என்கிறார்கள். பிறந்த 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்குவது. தூங்குகிற குழந்தைக்கே சில நிமிடங்களில் சோதித்துவிடலாம்.

இந்தக் குழந்தைப் பருவ வேலையைக் கையில் எடுத்த நிறுவனங்களில் ஒன்று, 1997-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய 'நிஷ்'. இப்போது ஆக்குளத்தில் இருக்கிறது. 2008-ல் அங்கேயே காது கேளாத மாணவர்களுக்கென்று கணினி அறிவியல், நுண்கலைப் பட்டப்படிப்புகள் வந்தன. 2012-ல் கேரள அரசு 'ஸ்ருதிதரங்கம்' திட்டத்தில் சின்னக் குழந்தைகளுக்கு இலவசமாக காக்ளியர் கருவி பொருத்த ஆரம்பித்தது. பாளையங்கோட்டைப் பள்ளிக்கும் ஆக்குளத்துப் பட்டப்படிப்புக்கும் இடையில் நூறு வருடத்துக்கு மேல்!

கவனித்துப் பாருங்கள். குழந்தைக்குக் காது போனால் மொழி போகிறது. இளைஞனுக்குப் போனால் படிப்பும் வேலையும். இந்த இரண்டுக்கும் மெதுவாகவாவது ஏதோ செய்தோம். வயதானவருக்குப் போனால்? பேச்சுத்துணை போகிறது. அதைத்தான் நாம் அதிகம் கவனிப்பதில்லை. 'வயசாச்சுல்ல' என்று தள்ளுபடி செய்துவிடுகிறோம்.

முதுமையில் முதலில் போவது மேல்ஸ்தாயி ஒலிகள். உயிரெழுத்துகள் நன்றாகவே விழும். க, ச, த மாதிரி மெல்லிய ஒலிகள் நழுவும். கடையா, சடையா, தடையா என்று பிரித்தறிய முடியாது. 'கேக்குது, ஆனா புரியல' என்று அவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. நாம் கத்தினால் உயிரெழுத்துதான் பெரிதாகும், புரியாதது புரியாது. நாலு தடவை 'என்னது?' என்று கேட்டு அலுத்து, ஐந்தாவது தடவை சிரித்து வைப்பார்கள். அப்புறம் கூட்டத்துக்கே வரமாட்டார்கள்.

கடல் தாண்டி இருக்கிற நமக்கு இது இன்னும் சிக்கல். ஊரில் இருக்கிற அப்பா அம்மாவோடு நம் உறவே தொலைபேசியில்தான் ஓடுகிறது. 'சரிப்பா, நல்லாருக்கேன், வச்சிடவா' என்று இரண்டு நிமிடத்தில் முடித்தால் கோபம் என்று நினைக்காதீர்கள். காதாக இருக்கலாம். வீடியோவில் முகம் தெரியப் பேசுங்கள், உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வார்கள். நிதானமாகப் பேசுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, கண்ணாடிக்குக் கூட்டிப்போகிற மாதிரி காதுப் பரிசோதனைக்கும் ஒரு நடை கூட்டிப்போங்கள். நடுவயதில் கவனிக்காமல் விட்ட செவிக்குறை மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2017-லிருந்தே லான்செட் குழு சொல்லி வருகிறது. ஆகவே நாற்பது தாண்டிய நாமும் அப்படியே சோதித்துக்கொண்டால் தப்பில்லை :-)