பாட்டுக்குப் பின்னால் இருந்த மெஷின்கள்

எங்கள் புதுக்கோட்டை தந்த பெரிய ஸ்டார் பி.யு.சின்னப்பா. 'உத்தம புத்திரன்' (1940) படத்தில் இரட்டை வேடம் போட்டவர். சொந்தக் குரலில் பாடித்தான் நடித்தார். அந்தக் காலத்தில் பாடத் தெரியாதவருக்கு ஹீரோ வேஷம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஏன் என்று யோசித்ததுண்டா? காரணம் ரசனை மட்டுமில்லை, மெஷினும்தான்.

பேசும் படம் வந்த புதிதில் நடிப்பும் பாட்டும் ஒரே நேரத்தில் பதிவாகும். வாத்தியக்காரர்கள் கேமராவில் படாமல் மரத்துக்கும் செடிக்கும் பின்னால் உட்கார்ந்து வாசிப்பார்கள். பாட்டைத் தனியாகப் பதிந்து, படப்பிடிப்பில் ஓடவிட்டு வாயசைக்கலாம் என்று ஆனபிறகுதான் நிலைமை மாறியது. நமக்குப் பக்கத்து ஊர் காரைக்குடியைச் சேர்ந்த ஏவி.மெய்யப்பச் செட்டியார், 1938-ல் 'நந்தகுமார்' படத்தில் ஒரு நடிகைக்கு லலிதா வெங்கட்ராமனைப் பின்னணி பாடவைத்தார். அதன்பின் மெல்ல மெல்லப் பாடும் நடிகர்கள் மறைந்தார்கள், பின்னணிப் பாடகர் என்ற புதுத் தொழில் பிறந்தது.

முதலில் ஒலி, ஃபிலிமில் ஒளிக்கோடாகப் பதிந்தது. லேபில் கழுவினால்தான் அதைக் கேட்க முடியும். பிறகு வந்த காந்த நாடாவில் உடனே கேட்கலாம், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பதியலாம். ஆனாலும் பாடகரும் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். கடைசி வரியில் ஒரு வயலின் பிசகினாலும் முதலிலிருந்து ஆரம்பம்! யார் மைக்குக்குப் பக்கத்தில், யார் தள்ளி என்பதுதான் பாதி மிக்ஸிங்.

அடுத்து வந்தது ட்ராக். 1967-ல் பீட்டில்ஸ் 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தை வெறும் 4 ட்ராக் மெஷினில் பதிந்தார்கள். நான்கும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு மெஷினுக்கு மாற்றி, மேலும் சேர்த்தார்கள். தமிழில் ஸ்டீரியோ பாடல்களுக்கு முன்னோடி இளையராஜாவின் 'பிரியா' (1978). 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் அவரே கம்ப்யூட்டர் சீக்வென்சரையும் கொண்டுவந்தார்.

இங்கேதான் காமர்ஸ் மாணவனான எனக்கு ஆர்வம். அதுவரை பாட்டுக்கான செலவில் பெரும்பகுதி கூலி: இத்தனை பேர், இத்தனை கால்ஷீட். சீக்வென்சர் வந்ததும் அது மூலதனச் செலவாக மாறத் தொடங்கியது. ஒருமுறை மெஷின் வாங்கினால் போதும்.

ஏ.ஆர்.ரஹ்மானின் கதையே இதற்கு சாட்சி. 1976-ல் அப்பா ஆர்.கே.சேகர் இறந்தபோது அவருக்கு வயது 9. அப்பாவின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. 1989-ல் வீட்டோடு 'பஞ்சதன்' ஸ்டூடியோ கட்டினார். 1992-ல் 'ரோஜா'. எச்.ஸ்ரீதர் போன்ற ஒலிப்பதிவாளரின் பெயர் கேசட் உறையில் தேடிப் பார்க்கும் பெயரானது. இன்னொரு பக்கம், கூட்டமாக வயலின் வாசித்துப் பிழைத்தவர்களுக்கு கால்ஷீட் குறைந்தது.

பின்னணி வந்தபோது பாடும் நடிகர், கீபோர்டு வந்தபோது வயலின்காரர். இன்று குரலையே கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது. அடுத்து யார் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன வேலை. ஹெட்போன் மாட்டி ஒரு 1960-களின் பாட்டையும் 'ரோஜா'வையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எது உசத்தி என்ற சண்டை வேண்டாம். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் மூச்சு கேட்கிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.