தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களும் நிமோனியாவும்

நுரையீரலின் காற்றுப்பைகளில் கிருமித் தொற்று ஏற்பட்டு, காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீரும் சீழும் நிறைவதே நிமோனியா. பாடநூல்கள் இதை நுரையீரல் அழற்சி என்று எழுதும். கைக்குழந்தைகளுக்கும் முதியோருக்கும் வரும் நோய் என்பதே இதைப் பற்றிய பொதுவான எண்ணம். புகழ்பெற்ற மருத்துவப் பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர், நீண்ட வேதனையின்றி உயிரை முடித்துவைப்பதால் இது முதியோருக்கு நண்பனைப் போன்றது என்று 1898இல் எழுதினார். அதற்கு அடுத்த சில ஆண்டுகளிலேயே தென்னாப்பிரிக்காவில், மருத்துவப் பரிசோதனையில் தேறிய திடகாத்திரமான இளைஞர்கள் இந்த நோயால் பெருந்தொகையில் இறந்தார்கள். நிமோனியாவுக்கு இன்று போடப்படும் தடுப்பூசி ஒன்றின் வரலாறு அவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது.

சுரங்கத்துக்கு வந்தவர்கள்

ஜோகானஸ்பர்க்கை ஒட்டிய விட்வாட்டர்ஸ்ரான்ட் குன்றுத்தொடரில் 1886இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. இப்பகுதியைச் சுருக்கமாக ராண்ட் என்பார்கள். இங்கே பாறையில் தங்கத்தின் அளவு குறைவு. அதுவும் மிக ஆழத்தில் கிடந்தது. உலகச் சந்தையில் தங்கத்தின் விலையோ மாறாதது. ஆகவே, லாபம் வேண்டுமானால் கூலியைக் குறைத்தாக வேண்டும். போயர் போர் 1902இல் முடிந்த பிறகு ஆள் பஞ்சம் கடுமையாயிற்று. சீனாவிலிருந்து சில ஆண்டுகள் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். மொசாம்பிக்கிலிருந்தும், 1903 முதல் நியாசாலாந்திலிருந்தும் (இன்றைய மலாவி) ஆள் சேர்த்தார்கள்.

இவர்கள் தங்கவைக்கப்பட்ட இடத்துக்குக் காம்பவுண்டு என்று பெயர். சுற்றிலும் அடைப்பு, நடுவே முற்றம், ஒவ்வோர் அறையிலும் அடுக்குப் பலகைகளில் பல பேர். தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளை அறிந்தவர்கள் இதை ஓரளவு கற்பனை செய்துகொள்ளலாம். ஒரு வேறுபாடு உண்டு: லயத்தில் குடும்பம் இருக்கும், இங்கே ஆண்கள் மட்டும்தான். பூமிக்கு அடியில் வெக்கையிலும் ஈரத்திலும் உழைத்து, வியர்வை காயாமல் மேலே வருவார்கள். ஜோகானஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். அதன் குளிர்காலம் வெப்பநாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் பழக்கமற்றது.

புதிதாக வந்தவர்களே அதிகம் இறந்தார்கள். திடீரென்று உடம்பு தூக்கிப்போடும் குளிர் நடுக்கம், கடுங்காய்ச்சல், மூச்சை இழுத்தால் விலாவில் குத்து, செங்கல் துரு நிறத்தில் சளி. நுண்ணுயிர்க்கொல்லி இல்லாத அந்தக் காலத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் போராட்டம் நடக்கும். அதற்குள் உடல் போதிய எதிர்ப்பொருளை உருவாக்கிவிட்டால் ஒரே இரவில் வியர்த்துக் காய்ச்சல் இறங்கும். இல்லையென்றால் மரணம்.

வெப்பமண்டல ஆப்பிரிக்கருக்கு இந்த நோயைத் தாங்கும் சக்தி பிறவியிலேயே இல்லை என்று அன்றைய மருத்துவர்கள் பலர் விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கம் நிர்வாகத்துக்கு வசதியானது. அறையின் நெரிசலைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை. இறப்பு குறையாததால், தெற்கு அட்சரேகை 22 பாகைக்கு வடக்கிலிருந்து ஆள் சேர்ப்பதை 1913இல் அரசு தடைசெய்தது. முதலாளிகளுக்கு இது பெரிய இழப்பு. நோயைத் தடுக்க அவர்கள் காட்டிய அக்கறையில் எவ்வளவு கருணை, எவ்வளவு கணக்கு என்பதை வாசகர்கள் தாமே எடைபோட்டுக்கொள்ளலாம்.

(காந்தியடிகளின் தன்வரலாற்றைப் படித்தவர்களுக்கு 1904இல் ஜோகானஸ்பர்க் இந்தியக் குடியிருப்பில் அவர் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த நிகழ்ச்சி நினைவுக்கு வரும். அவர்களும் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள்தாம். ஆனால் அது நுரையீரலைத் தாக்கிய பிளேக். இங்கே பேசப்படும் நோய் வேறு.)

ரைட், லிஸ்டர், கார்கஸ்

சுரங்க முதலாளிகளின் அழைப்பின்பேரில் 1911இல் இலண்டனிலிருந்து அல்ம்ராத் ரைட் வந்தார். டைஃபாய்டு தடுப்பூசியால் பெயர் பெற்றவர். பெர்னார்ட் ஷா தம் நாடகம் ஒன்றில் வரும் மருத்துவரை இவரை மனத்தில் வைத்தே படைத்தார். நிமோனியாவை உண்டாக்கும் முக்கியக் கிருமியான நியுமோகாக்கஸ் 1881இலேயே கண்டறியப்பட்டிருந்தது. பிரான்சில் பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியே அதைக் கண்டார்கள். ரைட் அந்தக் கிருமியைக் கொன்று ஊசிமருந்தாக்கி ஏறத்தாழ 50,000 தொழிலாளர்களிடம் சோதித்தார். வெற்றி என்று அவர் கருதியதை முடிவுகள் உறுதிப்படுத்தவில்லை.

காரணத்தைக் கண்டவர் ராண்டிலேயே பணியாற்றிய ஸ்பென்சர் லிஸ்டர். நியுமோகாக்கஸ் ஒரே கிருமி அல்ல; அதன் மேலுறையைப் பொறுத்துப் பல வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிரான பாதுகாப்பு இன்னொரு வகைக்கு உதவாது. இன்று 100க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. ஒரு சிற்றூரில் வளர்ந்தவன் தன் ஊரில் உலவும் சில வகைகளை மட்டுமே சந்தித்திருப்பான். காம்பவுண்டோ பல நாட்டுத் தொண்டைகள் கூடும் சந்தை. ஒருவருக்குத் தொல்லை தராமல் தொண்டையில் தங்கியிருக்கும் கிருமி, அதைச் சந்தித்தே இராத பக்கத்துப் படுக்கைக்காரரின் நுரையீரலில் இறங்கிவிடும். பிறவிக் குறை என்று சொல்லப்பட்டது பெரும்பாலும் இதுதான். லிஸ்டர் ராண்டில் காணப்பட்ட வகைகளைப் பிரித்து, அவற்றுக்கேற்ற ஊசியைத் தயாரித்தார்.

இதே காலத்தில், 1913இன் இறுதியில், பனாமா கால்வாய்ப் பணியில் சுகாதாரத் தலைமை வகித்த அமெரிக்க இராணுவ மருத்துவர் வில்லியம் கார்கஸை ராண்டுக்கு அழைத்தார்கள். பனாமாவில் அவர் கொசுவை ஒழித்தது எல்லாருக்கும் தெரியும். அங்கே மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த தொழிலாளர்களை நிமோனியா வாரிக்கொண்டு போனதும், அவர்கள் பொதுக் கொட்டகைகளை விட்டுச் சொந்தக் குடிசைகளுக்குக் குடும்பத்தோடு போனபின் அது வெகுவாகக் குறைந்ததும் பலருக்குத் தெரியாது. ராண்டிலும் அவர் அதையே சொன்னார்: ஆளுக்கு அதிக இடம் கொடுங்கள், கூட்டத்தைக் கலையுங்கள், குடும்பத்தோடு வாழவிடுங்கள். இந்த வரலாற்றில் சொல்லப்பட்ட யோசனைகளில் இதுவே சிறந்தது என்பது என் கருத்து. குடும்பக் குடியிருப்பு செலவு மிகுந்தது. காம்பவுண்டு முறை பல பத்தாண்டுகள் நீடித்தது.

கார்கஸ் 1914இல் அமெரிக்க இராணுவத்தின் தலைமை மருத்துவரானார். மூன்றே ஆண்டுகளில் அதே காட்சியை அவர் தம் நாட்டிலேயே பார்க்க நேர்ந்தது. முதல் உலகப் போருக்காக அவசரமாக எழுப்பிய பயிற்சி முகாம்களில் கிராமத்து இளைஞர்கள் நெருக்கியடித்துத் தங்கினார்கள். 1917–18 குளிர்காலத்தில் தட்டம்மையும் அதைத் தொடர்ந்த நிமோனியாவும் அவர்களைத் தாக்கின. நெரிசலைக் குறைக்கக் கோரி அவர் வாதாடினார். 1918இன் பிற்பகுதியில் பெரும் இன்ஃபுளுவென்சா வந்தது. உலகெங்கும் இறந்தவர்களில் 20 முதல் 40 வயதினர் மிகுதியாக இருந்தார்கள். அன்றைய பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளையும் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களையும் ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, பெரும்பாலான சாவுகளுக்கு வைரசைப் பின்தொடர்ந்த பாக்டீரிய நிமோனியாவே காரணம் என்று காட்டியது.

மருந்து வந்த பிறகு

பெனிசிலின் வந்ததும் தடுப்பூசி தேவையில்லை என்றே மருத்துவ உலகம் நினைத்தது. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நியுமோகாக்கஸ் ஊசிகள் கேட்பாரற்று நிறுத்தப்பட்டன. இதை ஏற்காதவர் ராபர்ட் ஆஸ்திரியன். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மருத்துவமனை ஒன்றில் பல ஆண்டுகள் நோயாளிகளைக் கணக்கெடுத்து, 1964இல் ஜெரோம் கோல்டுடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். பெனிசிலின் பலரைக் காப்பாற்றுகிறது. ஆனால் கிருமி இரத்தத்தில் கலந்து, நோய் தொடங்கிய முதல் ஐந்து நாள்களுக்குள் இறப்பவர்களை அது காப்பாற்றவில்லை என்பதே அதன் சாரம்.

இளவயதினர் குறித்து மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலுவான இதயமும் நுரையீரலும் உள்ளவர், ஒரு பகுதி நுரையீரல் கெட்டுவிட்டாலும் சிறிது காலம் ஈடுகொடுத்து நடமாடுவார். "சாதாரணக் காய்ச்சல்தான்" என்று வேலைக்கும் போவார். மூச்சு வேகமாவது, உதடு நீலம் பாய்வது, பேச்சு குழறுவது, சளிக்காய்ச்சல் குறைந்து மீண்டும் திடீரென ஏறுவது ஆகியவை தெரியும்போது நேரம் வெகுவாகக் கடந்திருக்கும். இந்த அறிகுறிகளுக்கு மருத்துவமனைதான் இடம். மாத்திரைக் கடை அல்ல.

தம் புதிய தடுப்பூசியைச் சோதிக்க ஆஸ்திரியன் 1970களின் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த இடம் மீண்டும் ராண்ட் தங்கச் சுரங்கங்கள்தாம். அறுபது ஆண்டு கழித்தும் அங்கே புதிதாக வந்த இளந்தொழிலாளர்களிடம் நிமோனியா அவ்வளவு மிகுதி. கிருமியின் மேலுறைச் சர்க்கரைப் பொருளைக் கொண்டு செய்த ஊசி ஒரு பகுதியினருக்கும், வேறொரு நோய்க்கான ஊசியோ வெறும் உப்புநீரோ மற்றவர்களுக்கும் போடப்பட்டது. ஊசியில் அடங்கிய வகைகளால் வரும் நோய் முக்கால் பங்குக்கும் மேல் குறைந்தது. நிறவெறி ஆட்சியின்கீழ் ஒரு சுரங்கத் தொழிலாளிக்கு "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை எவ்வளவு இருந்திருக்கும் என்ற கேள்வியையும் இந்த வெற்றியோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

14 வகைகளுக்கான தடுப்பூசிக்கு அமெரிக்கா 1977இல் உரிமம் அளித்தது. 1983இல் அது 23 வகைகளுக்கு விரிந்தது. முதியோருக்கும் நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்குமே அது பெரும்பாலும் பரிந்துரைக்கப்பட்டது.