இரக்கத்திலிருந்து நீதிக்கு

பிறர் வீட்டில் உழைக்கும் பெண்ணை நம் சமூகம் நெடுங்காலமாக 'வேலைக்காரி' என்றே அழைத்து வந்தது. அச்சொல்லில் வேலை உண்டு; தொழிலாளி இல்லை. தொழிலாளி எனில் ஊதியமும் ஓய்வும் சட்டப் பாதுகாப்பும் உரிமையாகின்றன. வேலைக்காரிக்கோ வீட்டார் மனமுவந்து கொடுப்பதே கூலி. இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க ஓர் அருள்சகோதரி மேற்கொண்ட முயற்சி, தமிழகத் திருஅவை வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது.

அம்முயற்சியின் வேர் குமரி மண்ணில் இருக்கிறது. 1897 நவம்பர் 7 அன்று, பெல்ஜியம் நாட்டின் ஈப்பர் நகரத் துறவு மடத்தைச் சேர்ந்த அன்னை மேரி லூயிஸ் தெ மீஸ்டர், நவதுறவி ஒருவருடன் முளகுமூட்டுக்கு வந்து சேர்ந்தார். அவ்வூர் அன்று திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. ஆதரவற்ற சிறுமியரைப் பேணுவதே அவர்களது முதற்பணி. லேஸ் பின்னலும் கற்பிக்கப்பட்டது. அங்குத் தோன்றிய சபையே பின்னாளில் மரியாவின் மாசற்ற இதய மறைபரப்புச் சகோதரிகள் சபை எனப் பெயர் பெற்றுப் பல நாடுகளில் பரவியது. பசித்தவளுக்கு உணவும் கைத்தொழிலும் தந்த அந்த இரக்கப் பணியை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது.

அதே சபையின் மகளாக 1963-இல் இந்தியா வந்தவர் அருள்சகோதரி ஜீன் தேவோஸ். 1935-இல் பெல்ஜியத்தில் பிறந்த அவர், தமிழகத்தில் பணியாற்றிய பின் மும்பை சென்று, 1985-இல் தேசிய வீட்டு வேலைத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவினார். அவர் எதிர்கொண்ட இடர்ப்பாடு எளிதன்று. ஆலைத் தொழிலாளர் நாள்தோறும் ஒரே வாயிலில் சந்திக்கின்றனர். கலந்து பேசி ஒன்றுபட அவர்களுக்கு இடமுண்டு. வீட்டுப் பணியாளரோ ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதவுக்குப் பின்னே தனித்து உழைப்பவர். திருட்டுப் பழி சுமத்தப்பட்டாலும், கூலி மறுக்கப்பட்டாலும், ஏன், மானத்துக்கே ஊறு நேர்ந்தாலும் அவளுக்குச் சாட்சி சொல்ல யாருமில்லை. ஆதலால் அப்பெண்களை ஒன்றுகூட்டுவதே முதற்கடமையாயிற்று. தம் குறையைத் தம் வாயாலேயே எடுத்துரைக்க அவர்கள் கற்றபோது, இரக்கத்துக்கு உரியவர்களாக இருந்தோர் உரிமைக்குக் குரல் கொடுப்போராயினர்.

அந்தக் குரல் வீண்போகவில்லை. பலரும் பல அமைப்புகளும் பாடுபட்டதன் பயனாக, 14 வயதுக்குட்பட்ட சிறாரை வீட்டு வேலைக்கு அமர்த்துவது 2006 அக்டோபரில் தடைசெய்யப்பட்டது. தமிழ்நாட்டில் 2007-இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைந்தது; 2018-இல் குறைந்தபட்ச ஊதியம் அறிவிக்கப்பட்டது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டையும் பணியிடமாக ஏற்றுக்கொண்டது. இதற்கிடையே 2011 ஜூன் 16 அன்று ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, வீட்டுப் பணியாளருக்கான 189-ஆவது உடன்படிக்கையை 396 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்து விழுந்தவை 16 வாக்குகளே. வாரத்தில் தொடர்ந்து 24 மணிநேர ஓய்வு வேண்டுமென அது விதிக்கிறது. எனினும் இந்தியா அதனை இன்னும் உறுதியேற்கவில்லை. இவர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றுவது பற்றி ஆராயக் குழு அமைக்குமாறு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நடுவண் அரசைப் பணித்தது.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? தொழிலாளியின் நியாயமான ஊதியத்தைப் பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-லேயே சுற்றுமடல் வரைந்தார். முளகுமூட்டில் அன்னை கால் வைப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த குரல் அது. நீதியின்படி தர வேண்டியதை அன்பின் கொடைபோல் தரலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் கற்பித்தது. இப்போதனைகள் ஆலை வாயிலோடு நின்றுவிடுவன அல்ல. நம் அடுக்களை வரை வருவன.

விராலிமலை போன்ற மானாவாரி வட்டாரத்தில், மழை பொய்த்த ஆண்டில் வீட்டில் உலை கொதிக்கத் தாயின் கூலி எத்துணை இன்றியமையாதது என்பதை நாம் அறிவோம். அத்தகைய தாயொருத்தி நகரத்து வீட்டில் பாத்திரம் துலக்கும்போது நியாயமாக நடத்தப்பட வேண்டும் என விரும்புகிறோம். அவ்வாறெனில் நம் வீட்டிலும், துறவு இல்லங்களிலும், பங்குப் பணியாளர் இல்லங்களிலும் உழைப்போரின் நிலை என்ன? அவர்களுக்குப் பேசிய ஊதியம் குறித்த நாளில் கிடைக்கிறதா? நோயுற்ற நாளுக்குக் கூலி பிடிக்கப்படுகிறதா? வாரத்தில் ஒரு நாளேனும் அவர்கள் தம் பிள்ளைகளோடு இருக்க முடிகிறதா?

திருநாளன்று ஒரு சேலை எடுத்துக் கொடுப்பது நல்லது; அதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் மாதச் சம்பளத்துக்கு அது ஈடாகாது.