அரசு மருந்தகத்தில் மருந்து இருப்பு தீர்வது ஏன்?

மருந்தகத்தில் கிடைக்கும் பதில் ‘இருப்பு இல்லை’ என்ற ஒன்றே எனினும், அதன் காரணங்கள் பல. காரணத்தை அறிந்தால் காத்திருப்பதா, வேறு நிலையத்திற்குச் செல்வதா, மருத்துவரிடம் மாற்று மருந்து கேட்பதா என்று முடிவு செய்ய இயலும்.

மருந்து வரும் வழி

தமிழ்நாட்டில் 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளைக் கொள்முதல் செய்து, மாவட்ட மருந்துக் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வழங்குகிறது. இவ்வழியின் எந்தப் படியிலும் தடை நேரலாம்.

பொதுவான காரணங்கள்

• உற்பத்தித் தடை: மூலப்பொருள் தட்டுப்பாட்டால் நிறுவனத்தின் வழங்கல் தாமதமாகிறது. அப்போது பல நிலையங்களில் ஒரே நேரத்தில் மருந்து தீரும்.
• தரச் சோதனை: கிடங்கிற்கு வந்த மருந்தின் மாதிரி ஆய்வகத்தில் தேர்ச்சி பெற்ற பின்னரே வெளியிடப்படும். முடிவு வரும்வரை மருந்து கிடங்கிலேயே இருக்கும்.
• காலாவதி, சேமிப்புக் குறை: காலாவதியான மருந்துகள் அகற்றப்படும். இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும். குளிர்பதனம் தவறினால் அது வீணாகலாம்.
• குறைவான தேவைப்பட்டியல்: எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 100 மாத்திரைகள் தேவைப்படும் நிலையத்தில் 20-ஆம் நாளிலேயே இருப்பு தீர்ந்தால், பதிவேட்டில் அம்மாத நுகர்வு 2,000 என்றே இருக்கும். உண்மைத் தேவை 3,000. பதிவான அளவையே அடுத்த மாதமும் கோரினால், மீண்டும் 20-ஆம் நாளில் மருந்து தீரும். வெறுங்கையுடன் திரும்பிய நோயாளிகள் கணக்கில் இடம்பெறாததே இதற்குக் காரணம்.

மருந்தாளுநரிடம் கேட்க வேண்டியவை

1. இம்மருந்தே இல்லையா, இந்த மில்லிகிராம் அளவு மட்டும் இல்லையா? 500 மி.கி. மாத்திரை தீர்ந்து வேறு அளவு இருக்கக்கூடும். எத்தனை மாத்திரை என்பதை மருத்துவரே மாற்றி எழுத வேண்டும்.
2. வேறு வணிகப் பெயரில் இதே மருந்து உள்ளதா?
3. அருகிலுள்ள அரசு நிலையத்தில் இருப்பு உள்ளதா? அங்கு இருந்தால், குறை பெரும்பாலும் இந்நிலையத்தின் கோரிக்கையிலோ பகிர்விலோ இருக்கும். எங்கும் இல்லையெனில் காத்திருக்காமல் மருத்துவரை அணுகவும்.
4. மருந்து பெறாமல் திரும்புவதைப் பதிவு செய்ய இயலுமா? அப்பதிவு அடுத்த தேவைப்பட்டியலைச் சரிசெய்ய உதவும்.

மருந்து கிடைக்கும்வரை

மருந்தை நீட்டிப்பதற்காக அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டாம். வலிப்பு நோய்க்கான மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு மீண்டும் வரலாம். முதல் வகை நீரிழிவு உள்ளோர் இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும். நீண்டநாள் உட்கொண்ட ஸ்டீராய்டு மருந்துகளையும், அட்டெனலால் போன்ற இதய மருந்துகளையும் மருத்துவரின் அறிவுரையின்றி நிறுத்தலாகாது. பிறருக்கு எழுதப்பட்ட மருந்தைப் பயன்படுத்த வேண்டாம்.

கையிலுள்ள மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே மருந்தகத்திற்குச் செல்லுங்கள். மருந்துச் சீட்டையும் பழைய மாத்திரை அட்டையையும் உடன் கொண்டு செல்லுங்கள். ஆலோசனைக்கும் புகாருக்கும் 104 என்ற எண்ணை அழைக்கலாம். வலிப்பு, மூச்சுத் திணறல், தொடர் வாந்தி, மயக்கம் ஏற்பட்டால் உடனே 108-ஐ அழைக்கவும்.