பழைய செய்நிரலும் புதிய தொகுப்பியும்: பெருங்கணனி வரலாற்றில் ஒரு தயக்கம்

பெருங்கணனிகளைப் பேணிவரும் வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் அரச திணைக்களங்களும் புதிய தொகுப்பியை ஏற்கத் தயங்குவதைப் பழைமைவாதம் எனக் கூறுவோர் பலர். கோபோல் போன்ற மொழியில் மனிதர் எழுதும் செய்நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றுவதே தொகுப்பியின் பணியாகும். இத்தயக்கத்தை வளர்த்தவர்களுள் கணனியை விற்றவர்களும் அடங்குவர் என்பது வரலாற்றை நோக்குமிடத்துப் புலனாகும்.

1964 ஏப்ரில் 7ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 என்னும் கணனிக் குடும்பத்தை அறிவித்தது. அதற்கு முன்னர், ஒரு கணனியை விடுத்து வேறோரினக் கணனிக்கு மாறுவோர் பெரும்பாலும் செய்நிரல்களை மீள எழுத வேண்டியிருந்தது. புதிய குடும்பத்திலோ, சிறிய கணனிக்கு எழுதியது பெரியதிலும் இயங்கும் என்று உறுதியளிக்கப்பட்டது. 1959இல் அறிவிக்கப்பட்ட 1401 கணனியின் செய்நிரல்களையும் இக்குடும்பத்தின் சில கணனிகள் இயக்கின. வாடிக்கையாளர் பிறரிடம் போய்விடாதிருக்கக் கையாண்ட இவ்வுத்தி நாளடைவில் மரபாயிற்று. 24 பிட் முகவரிமுறை 1983இல் 31 பிட்டாகவும் 2000இல் 64 பிட்டாகவும் விரிந்தபோதும் பழைய செய்நிரல்களுக்கு இடம் விடப்பட்டது. தரவுக் கோப்புகளிலும் இதே கதைதான். 1970களில் விசாம் என்னும் கோப்பமைப்பு வந்த பின்னரும், முந்திய ஐசாம் அமைப்புக்கென எழுதிய செய்நிரல்கள் அதனைப் பயன்படுத்த வழிசெய்யப்பட்டது. ஐசாமுக்கான ஆதரவு நீக்கப்பட்டது 2005இலேயே. மாறாதிருப்போருக்கு இழப்பேதும் இல்லாதபோது யார்தான் வலிந்து மாறுவர்?

ஆகவேதான் 2013இல் வெளிவந்த எண்டர்பிரைஸ் கோபோல் 5ஆம் பதிப்பு பலரைத் திகைக்கவைத்தது. அது ஆக்கும் செய்நிரல்களைப் பி.டி.எஸ். என்னும் பழைய நூலக அமைப்பில் வைக்க இயலாது, பி.டி.எஸ்.ஈ. என்னும் அமைப்பே வேண்டும். பிந்தியது அறிமுகமாகி இருபது ஆண்டுகள் கடந்திருந்தும் பலர் அதனை நாடவில்லை. கணனித் தொகுதிகள் நூலகங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்குகளையும் சில இடங்களில் மாற்றியமைக்க வேண்டியிருந்தது. எனினும் இது உழைப்பும் செலவும் மட்டுமே சார்ந்த தொல்லை.

உண்மையான அச்சம் வேறிடத்தில் இருந்தது. எண் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றிடம் பதிந்திருப்பின், பழைய தொகுப்பிகள் ஆக்கிய கட்டளைகள் அதனைப் பெரும்பாலும் பூச்சியமாகக் கொண்டு கணக்கை முடித்தன. புதிய தொகுப்பி தரவு செம்மையானது என நம்பி வேகமான கட்டளைகளை ஆக்கியது. அத்தகைய தரவுகளுக்குச் சில வேளைகளில் வேறு விடை வந்தது. தவறு தரவிலேயே என்பது மறுக்கவியலாதது. ஆனால் ஒரு முதியவரின் ஓய்வூதியம் பல்லாண்டுகள் அவ்வாறே கணிக்கப்பட்டு வந்திருப்பின், சரியான தொகை எது? விதியை எழுதியவர் ஓய்வுபெற்றிருப்பார். சில இடங்களில் மூலநிரலே தொலைந்திருக்கும். அந்நிலையில் பழைய செய்நிரல் தரும் விடையைத் தவிர வேறு சான்று இல்லை. தயங்கியவர்கள் சோம்பேறிகள் அல்லர். எழுத்தில் இல்லாத ஒரு வழக்காற்றைக் காத்துநின்றவர்கள் என்பதே என் கருத்து. அவ்வழக்காற்றை உரிய காலத்தில் எழுதிவைக்காதது அவர்களது நிறுவனங்களின் குற்றம்.

பழைய 4.2ஆம் பதிப்புக்கான ஆதரவு 2022 ஏப்ரிலில் முடிவுற்றது. அதற்கு முன்னரே, செம்மையற்ற எண்களைப் பழைய தொகுப்பி கையாண்டவாறே கையாளுமாறு புதியதைப் பணிக்கும் தெரிவொன்றை ஐ.பி.எம். சேர்த்துவிட்டிருந்தது.