பிரிட்டிஷ் தொழிற்கட்சியும் சம ஊதியக் கொள்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பது இடதுசாரிக் கட்சிகளின் இயல்பான கோரிக்கை என்றே பலரும் கருதுவர். தொழிலாளர் நலனை முன்னிறுத்தித் தோன்றிய கட்சி, பெண் தொழிலாளிக்குக் குறைந்த கூலி தரப்படுவதை எவ்வாறு ஏற்கும் என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகும். ஆயினும், பிரிட்டனின் தொழிற்கட்சி வரலாறு இவ்வெண்ணத்திற்கு முழுமையாக அரண் செய்யவில்லை. அந்நாட்டுத் தொழிற்சங்கப் பேரவை சம ஊதியத் தீர்மானத்தை நிறைவேற்றிய ஆண்டு 1888. சம ஊதியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1975-ஆம் ஆண்டின் இறுதியில். இடைப்பட்ட 87 ஆண்டுகளில் தொழிலாளர் இயக்கம் இக்கொள்கையைக் கைவிட்டதில்லை. அதை நிறைவேற்றும் நாளையே மீண்டும் மீண்டும் தள்ளிவைத்தது. அத்தாமதத்தின் காரணங்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஒரே முழக்கம், இரு நோக்கங்கள்

1888-ஆம் ஆண்டின் தீர்மானத்தை முன்மொழிந்தவர் கிளமென்டினா பிளாக். பெண்களின் உழைப்புக்கு உரிய மதிப்பு கிடைக்க வேண்டும் என்பது அவர்தம் நோக்கம். அதனை ஆதரித்த ஆண் தொழிற்சங்கத்தினர் பலருக்கோ வேறொரு கவலை இருந்தது. மலிவான கூலிக்குப் பெண்கள் கிடைத்தால் முதலாளிகள் ஆண்களை நீக்கிவிடுவர். ஊதியம் சமமாயின் பெண்களை அமர்த்தும் தேவையே எழாது என அவர்கள் எண்ணினர். நீதி கருதிய நோக்கமும் தற்காப்பு கருதிய நோக்கமும் ஒரே முழக்கத்தில் அடங்கியிருந்தன. 1900-இல் உருவான தொழிற்கட்சி இவ்விரண்டையும் ஒருசேரப் பெற்றுக்கொண்டது.

இவற்றோடு 'குடும்ப ஊதியம்' என்னும் கருத்தும் வலுவாக வேரூன்றியிருந்தது. ஓர் ஆணின் ஊதியம் அவன் மனைவி மக்களையும் காப்பாற்றப் போதுமானதாக இருக்க வேண்டும் என்பது அக்காலத் தொழிற்சங்கங்களின் அடிப்படைக் கோரிக்கையாகும். இதன் மறுபக்கம், பெண்ணின் ஊதியம் அவள் ஒருத்திக்கு மட்டுமே உரியது என்பதாகும். கைம்பெண்களும், பெற்றோரைக் காக்கும் மணமாகாப் பெண்களும் இக்கணக்கில் இடம்பெறவில்லை.

முதல் உலகப் போரின்போது ஆண்களின் வேலைகளைப் பெண்கள் ஏற்றனர். 1918 ஆகஸ்டில், ஆண்களுக்கு வழங்கப்பட்ட ஐந்து ஷில்லிங் போர்க்கால ஊக்கத்தொகை தங்களுக்கும் வேண்டும் என இலண்டன் பேருந்துகளிலும் டிராம் வண்டிகளிலும் பணியாற்றிய பெண் நடத்துநர்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றனர். அதனையொட்டி ஆராய அமைக்கப்பட்ட அரசுக் குழுவின் 1919-ஆம் ஆண்டு அறிக்கையில் பியாட்ரிஸ் வெப் தனியே ஒரு சிறுபான்மை அறிக்கை எழுதினார். ஊதியம் பணிக்கு உரியதேயன்றிப் பாலுக்கு உரியதன்று என்பது அவர் வாதம். குடும்பச் சுமைக்கு ஊதியம் தீர்வாகாது, குழந்தைகளுக்கு அரசே உதவித்தொகை வழங்க வேண்டும் என எலினோர் ராத்போன் 1924-இல் வாதிட்டார். ஆயின், அத்தகைய உதவித்தொகை ஊதிய உயர்வுக் கோரிக்கையை வலுவிழக்கச் செய்யும் என அஞ்சிய தொழிற்சங்கப் பேரவை 1930-இல் அதனை ஏற்க மறுத்தது. குடும்ப உதவித்தொகைச் சட்டம் நிறைவேற 1945 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆட்சியில் கட்சி

1929-இல் மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் தொழிலாளர் அமைச்சரானார். பிரிட்டனின் முதல் பெண் அமைச்சரவை உறுப்பினர் அவரே. எனினும், மணமான பெண்களில் பலரின் வேலையின்மை உதவித்தொகையைப் பறித்த 1931-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. பொருளாதார நெருக்கடி வரும்போது முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது எது என்பதற்கு இஃது ஒரு சான்று.

1944 மார்ச்சில் ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் வழங்கும் திருத்தம் மக்களவையில் 117-க்கு 116 என்னும் வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்தவர் பழமைவாதக் கட்சியைச் சேர்ந்த தெல்மா கசலெட்-கீர். பிரதமர் சர்ச்சில் அதனை நம்பிக்கை வாக்கெடுப்பாக மாற்றியதும், இரு நாள்களில் 425-க்கு 23 என்னும் கணக்கில் திருத்தம் நீக்கப்பட்டது. அப்போது கூட்டணி அரசில் தொழிற்கட்சியும் பங்கேற்றிருந்தது.

இதன் விளைவாக அமைந்த அரச ஆணையம் 1946-இல் அறிக்கை அளித்தது. தொழிற்சாலைகளில் சம ஊதியம் வழங்குவது குறித்து அதன் பெரும்பான்மையினர் தயக்கம் காட்ட, தொழிற்சங்கத் தலைவி ஆன் லாஃப்லின் உள்ளிட்ட மூன்று பெண் உறுப்பினர்கள் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தனர். 1947-இல் தொழிற்கட்சி அரசின் நிதியமைச்சர் ஹியூ டால்டன் கொள்கையை ஏற்பதாகவும், நாட்டின் பொருளாதார நிலையில் அதனை அப்போது நிறைவேற்ற இயலாது எனவும் அறிவித்தார். அதே ஆண்டுக் கட்சி மாநாடு தலைமையின் விருப்பத்திற்கு மாறாகச் சம ஊதியத் தீர்மானத்தை நிறைவேற்றியும் பயனில்லை. 1951-இல் நிதியமைச்சர் கெய்ட்ஸ்கலும் பணவீக்கத்தைக் காரணம் காட்டி மறுத்தார்.

அரசுப் பணியில் சம ஊதியத்தைப் படிப்படியாக வழங்க 1955-இல் முன்வந்தது பழமைவாதக் கட்சியின் அரசாகும். 1961-இல் அது நிறைவுற்றது. இடதுசாரிக் கட்சி கொள்கையளவில் ஏற்றுத் தள்ளிவைத்ததை வலதுசாரிக் கட்சி தொடங்கிவைத்தது என்பது கருதத்தக்கது. பார்பரா காசல், எடித் சம்மர்ஸ்கில் ஆகிய தொழிற்கட்சிப் பெண் உறுப்பினர்கள் பழமைவாதக் கட்சியின் பெண் உறுப்பினர்களோடு கைகோத்து 1954-இல் அளித்த பெரும் மனுவும் இதற்கு வழிகோலியது.

டாகன்ஹாம் முதல் சட்டம் வரை

1964-ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையில் சம ஊதிய உரிமையைத் தொழிற்கட்சி உறுதியளித்தது. நான்கு ஆண்டுகள் கடந்தும் சட்டம் வரவில்லை. 1968 ஜூனில் டாகன்ஹாமிலுள்ள ஃபோர்டு மகிழுந்துத் தொழிற்சாலையில் இருக்கை உறைகள் தைத்த 187 பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தைப்பது தேர்ச்சி வேண்டும் வேலை என ஏற்றுத் தங்கள் தரநிலையை உயர்த்த வேண்டும் என்பதே அவர்தம் மூலக் கோரிக்கை. மூன்று வாரங்களுக்குப் பின், அமைச்சர் பார்பரா காசலின் தலையீட்டால், அதே தரநிலை ஆண்களின் ஊதியத்தில் 92 விழுக்காடு கிடைத்தது. தரநிலை உயர்வோ 1984-இல்தான் கிட்டியது.

இப்போராட்டம் தந்த உந்துதலில் காசல் கொண்டுவந்த சம ஊதியச் சட்டம் 1970 மே 29-இல் ஒப்புதல் பெற்றது. முதலாளிகள் ஆயத்தமாக வேண்டும் என்பதற்காக அதன் நடைமுறை 1975 டிசம்பர் 29-க்குத் தள்ளப்பட்டது. அவ்வைந்தாண்டு இடைவெளியில் நிறுவனங்கள் சில ஆண், பெண் வேலைகளை வெவ்வேறாக வகைப்படுத்திச் சட்டத்தின் பிடியிலிருந்து விலகின. எனினும் சட்டம் பயனற்றுப் போகவில்லை. 1970-இல் ஆண்களின் மணிநேர ஊதியத்தில் ஏறத்தாழ 63 விழுக்காடாக இருந்த பெண்களின் ஊதியம், 1977-இல் 75 விழுக்காட்டை எட்டியது. வேறு வேலையாயினும் மதிப்பில் சமமாயின் ஊதியமும் சமம் என்னும் விதி, ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னரே 1984-இல் நடைமுறைக்கு வந்தது.

மலாயாவோடு உள்ள தொடர்பு

பிரிட்டிஷ் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்க்கு நிர்ணயிக்கப்பட்ட கூலியிலும் இதே ஏற்றத்தாழ்வு நிலவியது. 1920-களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என வரையறுக்கப்பட்டது. கணவனும் மனைவியும் ஒருங்கே பால்மரம் வெட்டிய தோட்டங்களில், ஆண் ஒருவனே குடும்பத்தைக் காக்கிறான் என்னும் வாதத்திற்கு அடிப்படையே இல்லை. 1929 முதல் 1931 வரை இலண்டனில் ஆண்டது தொழிற்கட்சியாயினும் இவ்வேறுபாடு நீங்கவில்லை. விடுதலைக்குப் பின்னர், எஃப். ஆர். பூபாலன் தலைமையில் 1960-இல் அமைந்த ஆசிரியைகள் சங்கம் சம ஊதியத்திற்காகப் போராடியது. 1951-ஆம் ஆண்டின் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனச் சம ஊதிய ஒப்பந்தத்தைப் பிரிட்டன் 1971-லும், மலேசியா 1997-லும், சிங்கப்பூர் 2002-லும் ஏற்றன.

முடிவுரை

தொழிற்கட்சியின் தாமதத்திற்குப் பகைமை காரணமன்று. ஆண் உறுப்பினர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட தொழிற்சங்கங்களின் அச்சமும், குடும்ப ஊதியம் பற்றிய நம்பிக்கையும், ஆட்சிக்கு வந்தபின் நிதியமைச்சகம் இட்ட கணக்குமே காரணங்கள். இவை மூன்றையும் கடக்க உதவியவை மாநாட்டுத் தீர்மானங்கள் அல்ல. கட்சி எல்லை கடந்து இணைந்த பெண் உறுப்பினர்களும் வேலைநிறுத்தம் செய்த பெண்களுமே. தள்ளிவைத்த கடன் வட்டியோடு திரும்பும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. 2012 முதல் தொழிற்கட்சியின் பொறுப்பில் இருந்த பர்மிங்காம் மாநகராட்சி, சம ஊதிய வழக்குகளுக்காக ஏறத்தாழ 110 கோடி பவுண்டு செலுத்திய பின்னரும் எஞ்சிய பொறுப்பைத் தாங்கவியலாது, 2023 செப்டம்பரில் நிதி நெருக்கடியை அறிவித்தது. துப்புரவு, சமையல், பராமரிப்புப் பணிகளில் இருந்த பெண்களுக்கு, ஆண்கள் மிகுந்த பணிகளுக்குரிய ஊக்கத்தொகை பல்லாண்டுகளாக மறுக்கப்பட்டு வந்ததே அவ்வழக்குகளின் அடிப்படையாகும். ஒரு கட்சியின் நிலைப்பாட்டை அளக்க அதன் தீர்மானத்தை மட்டும் படித்தல் போதாது. அதற்கு அது குறித்த நாளையும் ஒதுக்கிய தொகையையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.